இலவசம் என்றால் நாதியற்றதா?

"சும்மா கிடைக்கிறதுதானே சார்!"

இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வழக்கமான பழைய நினைவுகளை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரம் தூக்கலாகத்தான் இருக்கும்.

விஷயம், வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற ஃப்ளைட் சிமுலேட்டர் பற்றியது. அதிலும் குறிப்பாக, நம் ஊர் விமான நிலையங்களையும் பழைய ஏர்ஸ்ட்ரிப்புகளையும் ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து வரைந்து, ஒரு பைசா வாங்காமல் எல்லோருக்கும் கொடுக்கிறார்களே சிலர், அவர்களைப் பற்றியது. நெடுஞ்சாலைத் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நானும் அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒருவன். அதனால் இது எனக்குச் சம்பந்தமில்லாத வழக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஒரு கட்சிக்காரன்தான்.

பேரன் பேத்தி உள்ள வீடுகளில் இது என்னவென்று ஓரளவு தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மைக்ரோசாஃப்ட் 1982-ல் தன் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. பிறகு எக்ஸ் பிளேன் வந்தது. முழுக்க முழுக்க ஆர்வலர்களே எழுதி இலவசமாகத் தருகிற ஃப்ளைட் கியர் வந்தது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் புதிதாக ஒன்றை வெளியிட்டபோது, செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகம் முழுவதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இமயமலையைச் சுற்றலாம், பசிபிக்கைத் தாண்டலாம்.

ஆனால் நம் ஊருக்கு வாருங்கள். அங்கேதான் குட்டு உடையும். கம்பெனி போட்டுக் கொடுக்கும் சின்ன விமான நிலையங்கள் பலவற்றில் ரன்வே மட்டும் அதனதன் இடத்தில் இருக்கும். பக்கத்தில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு கட்டடம் நிற்கும். மலை ஒரு பச்சை மேடாக இருக்கும். ஏரி தரையோடு தரையாக ஒட்டிய நீலக் காகிதம் மாதிரி கிடக்கும். கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு மாடி ஃப்ளாட் நிற்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பெரிய விமான நிலையங்களுக்கு ஆள் போட்டுக் கையால் வரைகிறார்கள். நம் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் அப்படி வரைய அவர்களுக்கு என்ன அவசியம்? வியாபாரத்தில் அது கட்டாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் ஆட் ஆன் சீனரி செய்கிறவர்கள் வருகிறார்கள். ஒரு விமான நிலையத்தை எடுத்துக்கொண்டு, அதை உள்ளபடியே வரைந்து, மூல சிமுலேட்டரில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு ஃபைலாக இணையத்தில் வைக்கிறார்கள். எடுத்துப் போட்டுக்கொண்டால் உங்கள் திரையில் மீனம்பாக்கம் மீனம்பாக்கமாக இருக்கும்.

இதில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன்.

முதலில் ரன்வே. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். மேற்கிலிருந்து கிழக்கே போனால் திசைகாட்டியில் சுமார் 70 டிகிரி, எதிர்த்திசையில் 250 டிகிரி. கடைசி பூஜ்யத்தை விட்டுவிட்டு எண்ணாக எழுதிவிடுகிறார்கள். நீளம் 3,658 மீட்டர். இதன் இரண்டு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை பிசகினால் விமானம் புல்லில் இறங்கும். காந்த வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு. அதைக் கவனிக்காவிட்டால் ரன்வே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நிற்கும். தரை மட்டம் சரியில்லை என்றால் ரன்வே நடுவில் பள்ளம் விழும், அல்லது கட்டடம் அந்தரத்தில் தொங்கும். பிறகு டாக்ஸிவே, அதன் மஞ்சள் கோடுகள், பெயர்ப் பலகைகள், இரவு விளக்குகள், இறங்குகிறவருக்கு உயரம் சரியா என்று சிவப்பும் வெள்ளையுமாகக் காட்டும் விளக்கு வரிசை.

அடுத்தது கட்டடங்கள். ஒவ்வொன்றையும் பிளெண்டர் போன்ற ஒரு மென்பொருளில் முப்பரிமாணமாக வரைய வேண்டும். ஜன்னல், சன்ஷேடு, சுவரில் இறங்கிய மழைக்கறை எல்லாவற்றையும் படமாகச் செய்து மேலே ஒட்ட வேண்டும். ரொம்ப நுணுக்கமாகச் செய்தால் கம்ப்யூட்டர் திணறும். கம்மியாகச் செய்தால் தீப்பெட்டியை அடுக்கின மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிடிக்கவே பல மாதங்கள் ஆகும்.

இதற்கெல்லாம் மேலே, ஊர்க்காரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது விமானங்கள் நங்கநல்லூர்ப் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி இறங்கும். வடகிழக்குப் பருவம் வந்தால் எங்கள் பம்மல் மொட்டை மாடிகளை உரசுகிற மாதிரி வரும். திரிசூலம் மலையில் கல்குவாரி வெட்டிய தழும்பு எந்தப் பக்கம் தெரியும், பரங்கிமலை எங்கிருந்து பார்த்தால் மறையும், இரண்டாவது ரன்வே அடையாற்றை எங்கே பாலம் போட்டுத் தாண்டுகிறது என்பதெல்லாம் இங்கே வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். அந்தப் பாலத்தை விட்டுவிட்டு வரைந்தால், 2015 டிசம்பரில் ஆறு பெருகி விமான நிலையத்தையே மூடியது ஏன் என்று யாருக்கும் புரியாது.

"அதெல்லாம் இப்போது சாட்டிலைட்டே பார்த்துக்கொள்கிறதே" என்று சொல்பவர்களுக்கு ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. மைக்ரோசாஃப்டின் 2020 சிமுலேட்டர் வெளிவந்த புதிதில், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் புறநகரான ஃபாக்னரில் சாதாரண வீடுகளுக்கு நடுவே ஊசி மாதிரி ஒரு கட்டடம் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. 212 மாடி! விசாரித்தால், இலவச வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் யாரோ ஒருவர் 2 மாடி என்று பதிய வேண்டியதை 212 என்று தட்டிவிட்டிருக்கிறார். அந்த விவரத்தை இயந்திரம் அப்படியே எடுத்துக் கட்டிவிட்டது. அந்தத் தெருவில் குடியிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட அது தப்பென்று தெரிந்திருக்கும். இத்தனை பெரிய இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அந்த வரைபடமே இலவசமாக உழைத்தவர்கள் போட்டதுதான் என்பதையும் கவனியுங்கள். விற்பனைக்கு வருகிற பெரிய பெரிய சிமுலேட்டர்களே இலவச உழைப்பின் தோளில் ஏறி நிற்கின்றன. எக்ஸ் பிளேனில் இதை ஒளிக்காமல் செய்கிறார்கள். ஆர்வலர்கள் வரைந்து அனுப்பும் விமான நிலையங்களை வாங்கிச் சரிபார்த்து, மூலப் பொருளிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

சரி, இப்போது வழக்குக்கு வருகிறேன். என் புகார் மூன்று பேர் மேல்.

முதலாவது, திருடி விற்கிறவர்கள் மேல்.

நான் சில வருஷங்களுக்கு முன் பழைய மீனம்பாக்கத்தை வரைந்தேன். இப்போதுள்ள கண்ணாடி மாளிகை அல்ல. வழியனுப்ப வந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன காலத்து மீனம்பாக்கம். ஆவ்ரோவும் போயிங் 737-ம் வெயிலில் காய்ந்துகொண்டு நின்ற காலம். என்னிடம் இருந்த போட்டோக்கள், நண்பர்கள் கொடுத்த கல்யாண ஆல்பங்கள், துபாய்க்குப் போகிற மாமாவுக்கு மாலை போட்டு எடுத்த குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னணியில் தெரிந்த சுவரையும் தூணையும் பார்த்துப் பார்த்து வரைந்தது. பதினான்கு மாத வேலை. வெளியே ஒரு பெட்டிக்கடை வைத்து, அதன் பலகையில் என் மனைவியின் பெயரை எழுதினேன். அவள் அப்போது இல்லை.

அதை இலவசமாக வைத்தேன். கூடவே ஒரு சின்னக் குறிப்பும். எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள், திருத்திக்கொள்ளுங்கள், விற்காதீர்கள், படம் கொடுத்து உதவியவர்கள் பெயரை நீக்காதீர்கள். அவ்வளவுதான் நிபந்தனை.

இரண்டு வருஷம் கழித்து ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். பணம் கட்டி வாங்கிய 'தென்னிந்திய விமான நிலையங்கள்' தொகுப்பாம். பழைய மீனம்பாக்கம் அதில் இருக்கிறது. குறிப்பைக் காணோம். உதவியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பெட்டிக்கடை மட்டும் இருக்கிறது. பலகையில் அவள் பெயரும் இருக்கிறது. விற்றவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது: "நீங்கள்தான் இலவசமாகக் கொடுத்துவிட்டீர்களே, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பதில்.

கோடை காலத்தில் தெருமுனையில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறோம். மோர், பானகம், வெள்ளரிப் பிஞ்சு. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். இரண்டு தம்ளர் கூடக் குடித்தாலும் கேட்க மாட்டோம். ஆனால் ஒருவன் அண்டாவோடு தூக்கிப்போய் அடுத்த தெருவில் தம்ளர் பத்து ரூபாய் என்று விற்றால் சும்மா விடுவோமா? "நீதான் தர்மத்துக்கு வைத்தாயே, உனக்கென்ன நஷ்டம்" என்றால் ஒத்துக்கொள்வோமா? நஷ்டம் எனக்கல்ல. வெயிலில் நடந்து வந்து பந்தலைத் தேடுகிறவனுக்கு. அதோடு, அடுத்த வருஷம் பந்தல் போட நினைக்கிறவன் மனசுக்கு.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. நம் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் ஒன்றைப் படைத்த உடனேயே உரிமை அவருடையது ஆகிவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. விலை போடாததால் உரிமை போய்விடாது. எந்த நிபந்தனையில் கொடுக்கிறோமோ அந்த நிபந்தனையில்தான் எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளைட் கியர் மாதிரி சிலவற்றில், விற்கவே கூடாது என்று அதன் உரிமம் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவனுக்கும் அதே சுதந்திரத்தைக் கொடுக்க வேண்டும், உரிமத்தை மறைக்கக் கூடாது என்று சொல்கிறது. அதையும் சிலர் வேறு வேறு பெயர் சூட்டி, தாங்களே பெற்றெடுத்த பிள்ளை மாதிரி விளம்பரம் செய்து விற்றார்கள். இலவசமாகவே கிடைக்கிற ஒன்று என்று தெரியாமல் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்.

பாரதியார் எழுத்துகளை 1949-ல் நாட்டுடைமை ஆக்கினார்கள். யார் வேண்டுமானாலும் அச்சுப் போடலாம். அதற்காக அட்டையில் பாரதி பெயரை எடுத்துவிட்டு அச்சகக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா? உலகத்துக்கே பொதுவான பிறகும் பெயர் பெயர்தானே!

தன் கையால் வரைந்து, தன் உழைப்புக்கு விலை வைத்து விற்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே இரண்டு மூன்று வாங்கியிருக்கிறேன். விற்பது அவரவர் இஷ்டம். அடுத்தவன் அடுப்பில் வெந்த சோற்றைத் தன் இலையில் போட்டு விலை சொல்வதுதான் தப்பு.

இரண்டாவது புகார், வாங்கிக்கொண்டே வைகிறவர்கள் மேல்.

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை நமக்குத் தெரியும். இவர்கள் பல்லைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மாடு ஏன் வெள்ளை, கொம்பு ஏன் வளைந்திருக்கிறது, சாணியை நீயே வந்து அள்ளு என்கிறார்கள். "அங்கிள், மெட்ரோ ஸ்டேஷன் எங்கே?" என்று ஒரு பையன் கேட்டான். தம்பி, நான் வரைந்தது எண்பதுகளின் மீனம்பாக்கம். ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வந்தது 2016-ல். "என் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, வேஸ்ட்" என்று ஒருவர். ஓடவில்லை என்றால் என்ன கம்ப்யூட்டர், என்ன பதிப்பு என்று சொன்னால் உதவலாம். "வேஸ்ட்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவதற்கு என்ன பெயர்?

குறையே சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இலவச சீனரிகளில் குப்பையும் இருக்கிறது. ரன்வே நடுவில் மரம் முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர் கட்டடத்தை நகலெடுத்து நட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். தப்பைத் தப்பென்று சொல்லுங்கள். எங்கே தப்பு என்று சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள். அப்படி வந்த இரண்டு வரிக் கடிதம் ஒன்றால், எங்கள் பழைய முனையத்தின் வாசல் தூண் வரிசை சரியாயிற்று.

தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் மதுரை விமான நிலையத்தைச் செய்துகொண்டிருந்தார். திருப்பரங்குன்றம் மலையை அவர் வரைந்திருந்த அழகைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. முழுதாக முடிப்பதற்குள், "எப்போது தருவாய், ஏன் தாமதம், ஏமாற்றுகிறாயா" என்று கேள்விக்கணைகள். சில வசவுகளை இங்கே எழுத முடியாது. ஒரு நாள் எல்லா ஃபைலையும் எடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. அந்த மலை போயிற்று. இதைத்தான் நான் நஷ்டம் என்கிறேன்.

மூன்றாவது புகார், என் வயசுக்காரர்களான உங்கள் மேல். ஆமாம், உங்கள் மேல்தான்.

"ரிட்டையரான பிறகு கோயில் குளம் என்று இல்லாமல், குழந்தை மாதிரி பொம்மை விமானம் வைத்து விளையாடுகிறான்" என்று காலை நடைப்பயிற்சியில் என் காதுபடவே பேசுகிறீர்கள். விளையாட்டுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. பல வருஷங்களாக மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைத் திறந்தால் முதலில் விமானம் நிற்பது அங்கேதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் டேக் ஆஃபை அங்கிருந்துதான் செய்தார்கள். 2003 மார்ச் 30-ம் தேதி ராத்திரி, மேயரின் உத்தரவுப்படி புல்டோசர்கள் வந்து ரன்வேயில் பெரிய பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டன. காலையில் பார்த்தால் விமான நிலையம் இல்லை. நின்றுகொண்டிருந்த விமானங்கள் மாட்டிக்கொண்டன. இன்றைக்கு அது ஒரு பூங்கா. ஆனால் ஆர்வலர்கள் வரைந்த இலவச மெய்க்ஸ் இன்னமும் இருக்கிறது. ஹாங்காங்கில் மலைச் சரிவில் வரைந்த கட்டம் போட்ட பலகையைப் பார்த்து, கடைசி நிமிஷத்தில் விமானத்தைத் திருப்பி இறக்க வேண்டிய பழைய காய் டாக் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அதுவும் இப்படித்தான் பிழைத்திருக்கிறது.

நம்மிடம் அப்படி மறைந்துகொண்டிருப்பவை எத்தனை! சோழவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். போர் முடிந்த பிறகு அதில் கார் ரேஸும் மோட்டார் சைக்கிள் ரேஸும் நடந்தன. இங்கே வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அங்கே நின்றிருப்பீர்கள். உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு எல்லாம் அதே போர்க்காலத்து ஓடுதளங்கள்தான். பேருந்தில் போகும்போது முள்ளுக்காட்டுக்கு நடுவில் நீளமாக ஒரு சிமென்ட் தரை தெரியும். "அது என்ன தாத்தா" என்று பேரன் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

தஞ்சாவூருக்கும் நெய்வேலிக்கும் வாயுதூத் விமானம் வந்து போனதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 1981-ல் தொடங்கி, 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்க்கப்பட்ட கம்பெனி அது. மெட்ராஸிலிருந்து ராத்திரி தபால் விமானம் நாக்பூருக்குப் போகும். பம்பாய், டெல்லி, கல்கத்தாவிலிருந்து வந்த விமானங்களும் அங்கே கூடும். மூட்டை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். இதையெல்லாம் சிமுலேட்டரில் அதே நேரத்துக்கு, அதே பாதையில் ஓட்டிப் பார்க்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? வெறும் புத்தகத்தில் படித்தால் அவர்கள் மனசில் நிற்காது. இருட்டில் நாக்பூர் விளக்கைத் தேடிக் கண்டுபிடித்து இறக்கியவன் மறக்க மாட்டான்.

இந்த வேலைக்குத் தேவையான சரக்கு கம்ப்யூட்டரில் இல்லை. உங்கள் அலமாரியில் இருக்கிறது. ஆல்பத்தில், டிரங்குப் பெட்டியில், உங்கள் ஞாபகத்தில் இருக்கிறது. கண்ட்ரோல் டவரின் படி எந்தப் பக்கம் இருந்தது, கேன்டீன் சுவர் என்ன நிறம், டாக்ஸிகள் எங்கே நின்றன என்பதை எந்த சாட்டிலைட்டும் இனிமேல் போய்ப் படம் எடுக்க முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களோ "விளையாட்டு" என்று கையை உதறிவிட்டுப் போகிறீர்கள். உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் வீட்டை ஒழிக்கும்போது அந்த ஆல்பம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும்.

"நாட்டுப் பாதுகாப்பு என்ன ஆவது?" என்று ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. பயணிகள் விமான நிலையங்களின் ரன்வே அளவு, திசை, விளக்கு, டாக்ஸிவே வரைபடம் எல்லாம் விமானிகளுக்காக அரசுத் தரப்பிலேயே வெளியிடப்படுகின்றன. யாரும் பார்க்கலாம். நாங்கள் எடுப்பது அதைத்தான். விமானப்படை, கடற்படைத் தளங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் தேடிப் போவதில்லை. தாம்பரமும் சூலூரும் அரக்கோணமும் என் பட்டியலிலேயே கிடையாது. படம் எடுக்கக் கூடாது என்று பலகை உள்ள இடத்தில் கேமராவை எடுப்பதும் இல்லை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் இடித்த ஒரு கேன்டீன் சுவரின் நிறத்தை வைத்துக்கொண்டு எதிரி என்ன செய்துவிட முடியும்?

"சரி, இவ்வளவு மெனக்கெட்டவர் விலை வைத்து விற்கலாமே, மதிப்பாவது கிடைக்கும்" என்கிறார் என் மைத்துனர். இதற்கும் பதில் இருக்கிறது. அந்த மாமா மாலையோடு நிற்கிற படத்தை அந்தக் குடும்பம் எனக்குக் காசுக்கா கொடுத்தது? கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வீட்டுப் படங்களைச் சேர்த்து வரைந்ததை நான் ஒருவன் விலைக்கு விற்றால் அது எப்படி நியாயம் ஆகும்? பொதுவில் வாங்கியதைப் பொதுவிலேயே வைக்கிறேன். மதிப்பு என்பது விலைச்சீட்டில் மட்டும்தான் இருக்கும் என்றால், நமக்குத் திண்ணைப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும், ஊர்ப் பொதுக்கிணறு வெட்டியவர்களுக்கும் மதிப்பே இல்லாமல் போயிருக்கும்.

பொதுவில் வைத்ததைக் காப்பாற்றுவதும் பொதுவான வேலைதான். ஆவ்சிம் என்று 1996-ல் தொடங்கிய ஒரு தளம். உலகத்தில் உள்ள இலவச சீனரிகளுக்கெல்லாம் கிட்டங்கி மாதிரி. 2009 மே மாதம் யாரோ உள்ளே புகுந்து அழித்துவிட்டார்கள். இரண்டு சர்வர் வைத்திருந்தார்கள், ஒன்றுக்கு ஒன்று நகல். இரண்டையுமே அழித்துவிட்டான் அந்தப் புண்ணியவான். பதிமூன்று வருஷச் சேமிப்பு ஒரே அடியில் போயிற்று. தளம் பிறகு எழுந்து நின்றது என்பது வேறு விஷயம். நெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்கக் கூடாது என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது இதில் எல்லோருக்கும் பாடம்.

ஆகவே, என் கோரிக்கைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இலவச சீனரி ஒன்றை எடுத்தால், கூட வரும் குறிப்பை முதலில் படியுங்கள். அதை அழிக்காதீர்கள். அடுத்தவருக்குக் கொடுத்தால் குறிப்போடு கொடுங்கள். செய்தவருக்கு ஒரு வரி நன்றி எழுதுங்கள். குறை இருந்தால் இடத்தைச் சுட்டி, மரியாதையாக எழுதுங்கள். விலைக்கு வருகிற தொகுப்பில் அதையே பார்த்தால் வாங்காதீர்கள், செய்தவருக்குத் தகவல் சொல்லுங்கள். அருமையான ஒன்று கிடைத்தால் வேறு ஒரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பெரியவர்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆல்பத்தை இறக்குங்கள். மீனம்பாக்கமோ மதுரையோ திருச்சியோ பீளமேடோ சோழவரமோ, பின்னணியில் ஒரு சுவர் தெரிந்தால்கூடப் போதும். படத்தின் பின்னால் வருஷத்தையும், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும் பென்சிலால் எழுதுங்கள். உங்கள் ஊரில் இந்த வேலை செய்கிற பிள்ளை யார் என்று கேட்டு அவனிடம் காட்டுங்கள். கயத்தாறுப் பக்கமும் உளுந்தூர்பேட்டைப் பக்கமும் சொந்தக்காரர்கள் இருந்தால், தொண்ணூறைத் தொட்ட ஒரு தாத்தாவையோ பாட்டியையோ தேடிப் பிடித்து, சண்டைக் காலத்தில் அங்கே என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இதற்கு அதிக நாள் பாக்கியில்லை.

எனக்குக் காசு வேண்டாம். என் பெயர்கூட வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆல்பத்தைத் திறந்து கொடுத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் பெயரை எடுக்க எவனுக்கும் உரிமை இல்லை. அதை எடுத்தவன் எந்த ஊரில் இருந்தாலும், கேட்டுக்கொண்டே இருப்பேன்.